ஃப்ளாட்டில் நாய்க்குட்டி... தரை நனையாமல் பழக்குவது எப்படி?

மந்தைவெளியில் மூன்றாவது மாடி ஃப்ளாட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை ஐந்தே கால் மணி. பால் பாக்கெட் எடுக்க வரும் பாட்டியின் காலில் சில்லென்று ஈரம் படுகிறது. ஹால் நடுவில் ஒரு சின்னக் குளம். பக்கத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது, வீட்டுக்கு வந்து நான்கே நாளான இரண்டு மாதக் குட்டி.

"வழுக்கி விழுந்து என் இடுப்பு ஒடிஞ்சா யாருடா பார்ப்பீங்க? இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"பாட்டி, அது பாப்பா பாட்டி!" என்று பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வருகிறான். அப்பா பேப்பரைச் சுருட்டிக்கொண்டு அதட்டுகிறார். அம்மா ஃபினாயில் பாட்டிலைத் தேடுகிறார். அதற்குள் குட்டி கோரைப்பாயின் ஓரத்தில் அடுத்த வேலையை முடித்துவிடுகிறது.

குட்டி வாங்கிய எந்த வீட்டிலும் முதல் வாரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும், அந்த ஒரு வாரக் கெடு சிரிப்பு விஷயமல்ல. கெடு முடிந்ததும் குட்டியை வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள். அல்லது, 'தோட்டம் இருக்கிற வீடு' என்று யாரிடமோ ஒப்படைக்கிறார்கள். சிலர் ஏதாவது ஒரு தெருமுனையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்புகிறார்கள். மெத்தையில் படுத்துப் பழகிய குட்டிக்கு வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது. குப்பைத்தொட்டியில் சாப்பாடு தேடவும் தெரியாது. தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்களும் அதைச் சேர்த்துக்கொள்ளாது.

தரையை நனைப்பது சின்னத் தப்புதான். ஆனால், ஒரு குட்டி அந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழப்போகிறதா, இல்லையா என்பதை அந்தச் சின்னத் தப்புதான் பல நேரம் முடிவு செய்கிறது. அதைச் சரிசெய்ய குட்டிக்கு நாம் கற்றுத்தர வேண்டியது கொஞ்சம்தான். வீட்டில் இருப்பவர்கள் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் பெரிய வேலை.

தி.நகர் மழையில் இரண்டு குட்டிகள்

நாய்க்குட்டிகளுக்காக மனம் இரங்குவது சென்னைக்குப் புதிதல்ல. 1959-ல் தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை, விமானியான கேப்டன் வி.சுந்தரம் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். 'ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா' அமைப்பின் கதை அந்த வீட்டில்தான் தொடங்குகிறது. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. இருவரும் சேர்ந்து வளர்த்த அந்த அமைப்பு, இன்று கிண்டி வேளச்சேரி சாலையில் இயங்குகிறது. அங்கிருந்து நாட்டு நாய்க்குட்டிகளைத் தத்து எடுத்து வருகிற குடும்பங்கள் ஏராளம்.

தத்து எடுத்தாலும், விலை கொடுத்து வாங்கினாலும், முதலில் கவனிக்க வேண்டியது வயது. மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இந்த விதிக்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் உண்டு.

பிறந்த முதல் சில வாரங்களில் குட்டியின் கழிவைத் தாய் நாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். மூன்று வாரம் ஆனதும் குட்டி தட்டுத்தடுமாறி நடந்து, படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளிப்போய்க் கழிக்கத் தொடங்கும். 'படுக்கும் இடத்தை அசுத்தம் பண்ணக் கூடாது' என்ற பாடத்தை அது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் ஏற்கெனவே கற்றுக்கொண்டுதான் நம் வீட்டுக்கு வருகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் நாய்க்குட்டிகளைப் பல வருடங்கள் கவனித்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். எட்டு, ஒன்பது வார வயதில்தான் குட்டிகள் கழிக்கக் குறிப்பிட்ட இடத்தைத் தேடத் தொடங்குகின்றன என்பது அவர்கள் கவனித்தவற்றில் ஒன்று. ஆக, நம் வீட்டுக்கு வரும் வயதும், பழக்குவதற்கு ஏற்ற வயதும் ஒன்றுதான்.

நாள் முழுக்கச் சின்னக் கூண்டில் அடைபட்டு, கழிவின் மேலேயே படுத்துப் பழகிய குட்டிக்கு மட்டும் இந்தப் பாடம் மறந்துபோயிருக்கும். அதற்குக் கூடுதல் நாள்களும் கூடுதல் பொறுமையும் தேவைப்படும்.

அது ஏன் ஹாலுக்கு வருகிறது?

"பால்கனியில விட்டேன், பத்து நிமிஷம் சும்மா நின்னுட்டு, உள்ள வந்ததும் போயிடுச்சு. வேணும்னே பண்ணுது!" குட்டி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது.

வேண்டுமென்றே செய்வதற்கு அதற்குத் தெரியாது. இரண்டு மாதக் குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. அடக்கிவைக்கும் தசையும் இன்னும் வலுப்படவில்லை. மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது அதிகபட்சம் அடக்கக்கூடிய நேரம். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். அதுவும் அமைதியாகத் தூங்கும்போது மட்டும். விழித்து விளையாடும்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

இன்னொரு விஷயம், காலுக்கு அடியில் படும் பொருள். எதன் மேல் போய்ப் பழகியதோ, அதையே குட்டி தேடும். முதல் வாரங்களில் செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் வளர்ந்த குட்டிக்குச் செய்தித்தாள்தான் கழிப்பறை. தாத்தா படித்துவிட்டுச் சோபாவுக்குக் கீழே போட்ட பேப்பரில் அது உட்காருவது அதனால்தான். மிருதுவாகவும் ஈரத்தை உறிஞ்சுவதாகவும் இருக்கும் கால்மிதி, கோரைப்பாய், மடித்துப்போட்ட போர்வை ஆகியவையும் அதன் கணக்கில் நல்ல இடங்கள்தான். எனவே, முதல் இரண்டு மாதத்துக்குக் கால்மிதியையும் பாயையும் எடுத்து மேலே வைத்துவிடுவது வீட்டுக்கும் நல்லது, குட்டிக்கும் நல்லது.

முதல் வேலை: ஒரு கால அட்டவணை

குட்டி எப்போதெல்லாம் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில், விளையாடும்போது நடுவில், இரவு படுக்கப்போகும் முன். இந்த நேரங்களில் குட்டியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால், முக்கால்வாசிப் பிரச்னை முடிந்தது.

மந்தைவெளி வீட்டுக்கு ஒரு நாள் அட்டவணை போட்டால் இப்படி இருக்கும்.

காலை 5: குட்டி கண் திறந்ததும் நேராக அதன் இடத்துக்கு. கொஞ்சல் எல்லாம் பிறகு.

6: முதல் சாப்பாடு. முடிந்ததும் மறுபடி அதன் இடம். சின்ன விளையாட்டு, தூக்கம்.

8.30: பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் எல்லோரும் கிளம்பும் பரபரப்பில் மறந்துபோகும் நேரம் இது. யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

11: இரண்டாவது சாப்பாடு, அதன் இடம்.

பிற்பகல் 1.30: தூங்கி எழுந்ததும் அதன் இடம்.

3.30: மூன்றாவது சாப்பாடு, அதன் இடம்.

மாலை 5.30: பேரன் பள்ளிவிட்டு வந்து விளையாடும் நேரம். நடுவில் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை.

7.30: கடைசிச் சாப்பாடு, அதன் இடம்.

10.30: படுக்கும் முன்.

நள்ளிரவு 2: அலாரம் வைத்து ஒரு முறை. விளக்கைப் போட்டு விளையாட்டுக் காட்டாமல், சத்தம் இல்லாமல் கொண்டுபோய்த் திருப்பிப் படுக்கவைத்தால் போதும். மூன்றரை, நான்கு மாதத்தில் இந்த அலாரம் பெரும்பாலும் தேவைப்படாது.

இந்த நேரங்களைத் தவிர, குட்டி விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை. அதோடு, தரையை மோந்து பார்ப்பது, வட்டம் போடுவது, விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓரமாக நகர்வது, கதவருகே போய் முனகுவது எல்லாம் அது கொடுக்கும் சிக்னல்கள். பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, எத்தனை மணிக்குச் சரியான இடத்தில் போனது, எத்தனை மணிக்குத் தப்பு நடந்தது என்று குறித்துக்கொண்டே வரலாம். நான்கு நாளில் அந்தக் குட்டியின் தனிக் கணக்கு பிடிபட்டுவிடும். வழக்கமாகக் காலை ஒன்பதரைக்குத் தப்பு நடக்கிறது என்றால், ஒன்பது இருபதுக்கு யாரோ ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்த அட்டவணையைப் படித்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். பகல் முழுக்க யாருமே இல்லாத வீட்டில் இரண்டு மாதக் குட்டியை வளர்ப்பது மிகக் கடினம். எட்டு மணி நேரம் அது அடக்காது, அடக்கவும் முடியாது. நடுவில் இரண்டு முறை வந்து பார்க்க உறவினரோ, பக்கத்து வீட்டினரோ, சம்பளத்துக்கு ஆளோ ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், ஒரு வயது தாண்டிய நாயைத் தத்தெடுப்பது நல்ல யோசனை.

பால்கனியா, தெருவா?

தனி வீடு என்றால் கொல்லைப்புறம் போதும். ஃப்ளாட்டில் இந்தக் கேள்வி வந்தே தீரும். முதல் இரண்டு மாதங்களுக்குப் பால்கனிதான் சரி. காரணம் தடுப்பூசி.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள். மூன்று மாதத்தில் ரேபீஸ் தடுப்பூசி. இது பொதுவான முறை. இந்த வரிசை முடியும் வரை பார்வோ வைரஸ் ஆபத்து இருக்கிறது. பாதிக்கப்பட்ட நாயின் கழிவிலிருந்து பரவும் இந்த வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் வேறு. அதனால் எல்லா நாய்களும் வந்துபோகும் தெருவோர மண்ணில் இந்த வயதில் குட்டியை இறக்கிவிடக் கூடாது.

அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கவும் கூடாது. மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் வயது. கையில் தூக்கிக்கொண்டு லஸ் கார்னர் ஹாரன் சத்தத்தையும், கபாலி கோயில் மேளச் சத்தத்தையும், பாண்டி பஜார் கூட்டத்தையும் தூரத்திலிருந்து காட்டலாம். கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பால்கனியில் விளிம்பு உள்ள அகலமான ட்ரே ஒன்றை வைத்து, அதில் மணலோ, செயற்கைப் புல்லோ பரப்பலாம். புல்லை அடிக்கடி கழுவ வேண்டும். மணலில் கழிவை உடனுக்குடன் அள்ளி, மணலையும் மாற்ற வேண்டும். நாளை தெருவுக்கோ, மண்தரைக்கோ மாறும்போது, மணலும் புல்லும் பழகிய கால்களுக்கு அது சுலபம். செய்தித்தாளில் பழக்கினால், பிறகு ஒரு முறை மறக்கவைத்து, மறுபடி பழக்க வேண்டியிருக்கும். பால்கனிக் கம்பி இடைவெளியில் குட்டி நுழையாதபடி வலை அடிப்பது மிக முக்கியம்.

தடுப்பூசி வரிசை முடிந்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, கழுத்தில் பட்டை மாட்டித் தெருவுக்கு அழைத்துப்போகலாம். அடையாறு காந்தி நகர், கஸ்தூரிபா நகர் போல மர நிழல் உள்ள தெருக்கள் இதற்கு வசதி. முதல் சில நாள் ட்ரேயில் இருந்த மணலை ஒரு கைப்பிடி எடுத்துப்போய்த் தெருவோரத்தில் போட்டால், 'இதுவும் என் இடம்தான்' என்று மூக்கு சொல்லிவிடும். வேலை முடிந்ததும் அந்த மணலையும் சேர்த்து அள்ளிவிட வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே சொல்

பாட்டி "உச்சா போ" என்கிறார். அப்பா "கோ, கோ" என்கிறார். பேரன் "சூச்சூ" என்கிறான். குட்டி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது. வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு சொல்லை முடிவு செய்ய வேண்டும். 'உச்சா' என்றால் எல்லோருக்கும் 'உச்சா'தான்.

அதே இடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, அந்தச் சொல்லை ஒரு முறை சொல்லிவிட்டு, அமைதியாக நிற்க வேண்டும். போனில் பேசக் கூடாது, விளையாட்டுக் காட்டக் கூடாது. முடித்ததும் ஓரிரு விநாடிக்குள் பாராட்டும், ஒரு சின்னத் தின்பண்டமும். வேகவைத்த கோழித் துண்டோ, கேரட் துண்டோ போதும். சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் குட்டி எதற்காகப் பாராட்டு வந்தது என்பதை மறந்துவிடும். தின்பண்டம் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையா? உள்ளே கொண்டுவந்து பத்து நிமிடம் மடியிலோ, பக்கத்திலோ வைத்திருந்து மறுபடி கொண்டுபோக வேண்டும். ஹாலில் சுதந்திரமாக விடும்போதுதான் 'உள்ள வந்ததும் போயிடுச்சு' கதை நடக்கிறது.

போய் முடித்த உடனே இழுத்துக்கொண்டு வருவதும் தவறு. முடித்தால் வெளிச்சுற்று முடிந்துவிடும் என்று தெரிந்தால், குட்டி முடிந்தவரை தள்ளிப்போடும். இரண்டு நிமிடம் விளையாடவிட்டு அழைத்து வரலாம்.

தப்பு நடந்துவிட்டால்?

கண்ணெதிரே நடந்தால், கைதட்டி "ஏய்!" என்று கவனத்தைத் திருப்பி, உடனே தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் விட வேண்டும். மீதியை அங்கே முடித்தால் பாராட்டு. நடந்து முடிந்த பிறகு பார்த்தால், ஒன்றுமே சொல்லாமல் துடைத்துவிட வேண்டும்.

மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது, சுருட்டிய பேப்பரால் அடிப்பது, அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு அதட்டுவது போன்ற பழைய வழக்கங்கள் எல்லாம் பாடத்தைக் கெடுப்பவை. 'ஹாலில் போகக் கூடாது' என்று குட்டி இதிலிருந்து கற்றுக்கொள்வதில்லை. 'மனிதர்கள் பார்க்கும்போது போனால் அடி விழும்' என்றுதான் கற்றுக்கொள்கிறது. பிறகு கட்டிலுக்கு அடியில், பீரோ பின்னால் என்று மறைந்துபோய்ப் போகும். பால்கனிக்கு அழைத்துப்போனாலும் நாம் பக்கத்தில் நிற்கும் வரை போகாது. திட்டும்போது காதைத் தாழ்த்தி முழிப்பதைப் பார்த்து, 'தப்புன்னு அதுக்கே தெரியுது' என்று நினைக்கிறோம். அது நம் குரலுக்குப் பயப்படுகிறது, அவ்வளவுதான்.

அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் ஓடி வந்து காலடியில் சொட்டுச் சொட்டாக விடும் குட்டிகளும் உண்டு. அது சந்தோஷத்தாலோ, பணிவாலோ வருவது. திட்டினால் அதிகமாகும். உள்ளே வந்ததும் குனிந்து கொஞ்சாமல், சத்தம் போடாமல், கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்து பேசினால் போதும். வளர வளரப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

அடுத்தது துடைக்கும் முறை. மனித மூக்கில் மணம் அறியும் செல்கள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்துப் பத்துக் கோடியைத் தாண்டும். நமக்கு வாசனை போய்விட்டது என்று தோன்றும் இடம், அதற்கு 'கழிப்பறை' என்று போர்டு மாட்டிய இடம். சாதாரண ஃபினாயில் ஒரு வாசனையின் மேல் இன்னொரு வாசனையைப் பூசுகிறது. கறுப்பு ஃபினாயிலில் உள்ள ரசாயனம் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது குட்டியின் வயிற்றுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. அமோனியா கலந்த கிளீனரும் கூடாது. சிறுநீரிலும் அந்த வாடைதான்.

முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் துடைத்து, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்கலாம். அது இல்லாவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. மார்பிள் தரையில் மட்டும் வினிகர் கூடாது, பளபளப்பு போய்விடும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

சின்ன இடம் போதும்

முதல் வாரமே வீடு முழுக்கச் சுற்றவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மூன்று படுக்கையறை ஃப்ளாட், குட்டிக்கு ஒரு பெரிய மைதானம். படுக்கை ஒரு மூலை, மீதி எல்லாம் கழிப்பறை என்று அது முடிவு செய்துவிடும். ஹாலில் ஒரு பகுதியை மட்டும் தடுப்பு வைத்துக் கொடுக்க வேண்டும். தூங்குவதற்கு, எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்குக் கூண்டோ, பெட்டியோ. அதன் கதவைத் திறந்துவைத்து, உள்ளே துணி விரித்து, சாப்பாட்டை அதற்குள் வைத்துப் பழக்கினால், அது குட்டியின் சொந்த அறையாகிவிடும். தண்டனைக்கு அதற்குள் அடைக்கக் கூடாது. மணிக்கணக்கில் பூட்டிவைக்கவும் கூடாது. இரண்டு வாரம் தப்பு நடக்காவிட்டால், இன்னும் ஓர் அறையைத் திறந்துவிடலாம்.

பூஜை அறைக்கும் சமையலறைக்கும் குழந்தைகளுக்கு வைக்கும் சின்னக் கதவு ஒன்றைப் போட்டுவிட்டால், பாட்டியின் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

வயிறு சரியாக இருந்தால், தரை சுத்தமாக இருக்கும்

சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால்தான் கழிவுக்கும் நேரம் இருக்கும். தட்டை நாள் முழுக்க நிரப்பிவைக்காமல், நேரத்துக்கு வைத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும். வெங்காயம், பூண்டு போட்ட சாம்பார் சாதமும் வேண்டாம். சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், பிரசாதமே என்றாலும் கொடுக்கக் கூடாது. பகலில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. சென்னை வெயிலில் அது ஆபத்து. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்தால் போதும்.

வெயில் காலத்தில் பகல் பதினொன்று முதல் மாலை ஐந்து வரை தெருவுக்கு வேண்டாம். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால், அதன் பாதத்தாலும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக மறுக்கும் குட்டிக்குப் பழைய பால்கனி ட்ரே கைகொடுக்கும். தீபாவளி வெடிச் சத்தத்தில் நன்றாகப் பழகிய குட்டிகூட நான்கு நாள் உள்ளேயே போகும். அது பயம். மறுபடி பழைய அட்டவணைக்குத் திரும்பினால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

அசோசியேஷன் கூட்டத்துக்கு முன்

"மாமி, உங்க நாய் எங்க வாசக் கோலத்து மேலயே..." என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பிக்கும் முன்பே சில வேலைகளைச் செய்துவிடலாம்.

குட்டியை லிஃப்டில் கையில் தூக்கிக்கொண்டு போவது, பையில் எப்போதும் பழைய பேப்பரும் கவரும் வைத்திருப்பது, கழிவை அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுவது. படிக்கட்டில் தப்பு நடந்தால் வாட்ச்மேனைத் தேடாமல் நாமே துடைப்பது. இதைப் பார்க்கும் அண்டை வீட்டினர் பெரும்பாலும் புகார் சொல்வதில்லை.

சட்டமும் நாய் வளர்ப்பவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. அதற்கும் அடையாறுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1960-ம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர், கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை வாக்கு எடுத்தாலும், குடியிருப்புச் சங்கம் செல்லப்பிராணி வளர்ப்பைத் தடை செய்ய முடியாது. அதே வழிகாட்டுதல், பொது இடத்தில் கழிவை அள்ளுவது போன்ற பொறுப்புகளை வளர்ப்பவருக்கு எடுத்துச் சொல்கிறது. உரிமையைப் பேசும் முன் துணியை எடுத்துத் துடைத்தவருக்குக் கூட்டத்தில் மரியாதை அதிகம்.

உரிமத்தையும் மறக்கக் கூடாது. பெருநகர சென்னை மாநகராட்சி, நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெறுவதை 2025 இறுதியில் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. ரேபீஸ் தடுப்பூசிச் சான்று இதற்கு அவசியம். தி.நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கண்ணம்மாபேட்டையிலும், மயிலாப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு லாயிட்ஸ் காலனியிலும் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன.

எப்போது மருத்துவரிடம்?

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சொட்டுச் சொட்டாகப் போவது, போகும்போது முனகுவது, சிறுநீரில் ரத்தம், நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று மறப்பது எல்லாம் சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். வாந்தியோடு ரத்தம் கலந்த பேதி என்றால் பார்வோவாக இருக்கலாம். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் மருத்துவர் இல்லாவிட்டால், 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. உடம்பு சரியில்லாத குட்டிக்கு எந்த அட்டவணையும் உதவாது.

ஆரோக்கியமான குட்டி பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் முழுதாகப் பழகிவிடும். சின்ன இனங்களுக்குச் சிறுநீர்ப்பையும் சின்னது என்பதால், இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். நடுவில் ஒரு வாரம் பின்னால் போகும். பிறகு இரண்டு வாரம் முன்னால் வரும்.

அந்த மந்தைவெளி வீட்டுக்கே திரும்புவோம். அட்டவணையில் காலை ஐந்து மணிக்கு விழித்திருப்பவர் யார்? பகல் பதினொன்றுக்கும் ஒன்றரைக்கும் வீட்டில் இருப்பவர் யார்? ஒரே ஆள்தான். ஒரு வாரக் கெடு வைத்த பாட்டி! வாக்கிங், குளியல், அள்ளுவது, துடைப்பது எல்லாம் அப்பாவும் பேரனும் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலிக்கும் பாட்டியைக் குனியச் சொல்லக் கூடாது. பால்கனிக் கதவைத் திறந்து "உச்சா" என்று ஒரு வார்த்தை சொல்வதும், ஒரு கேரட் துண்டு போடுவதும் மட்டும் அவர் வேலை.

வீட்டிலேயே நேரம் தவறாதவர் அவர்தான். அதனால் குட்டி மிக வேகமாகக் கற்றுக்கொள்வதும் அவரிடம்தான். ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு, ஹால் தரை காய்ந்திருக்கும். பால்கனிக் கதவருகே உட்கார்ந்து, பாட்டி அறையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி.

"வந்துட்டேன், வந்துட்டேன். கொஞ்சம் பொறுடா" என்று பாட்டி எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திறப்பார். கெடுவைப் பற்றி அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.